நேற்றைய மலை

தேநீரை நான் ஆறவிட்டுத்தான் குடிப்பேன். அதனால் எங்கே போனாலும் என் கிண்ணம் காலியாக நேரமாகும். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் ரேடார் பார்ப்பது என் வேலை. குழியின் இந்தப் பக்கமிருந்து எதிர்ப் பாறைச் சுவருக்கு அது துடிப்பு அனுப்பும். எதிரொலி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தால் சுவர் முன்னால் நகர்கிறது என்று அர்த்தம். சங்கு ஊதும். கீழே இருப்பவர்கள் மேலே ஏறிவிட வேண்டும்.

பனி உருகும் காலத்தில் சங்கு அடிக்கடி ஊதியது. எதுவும் விழவில்லை. வேலைதான் நின்றது.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஸ்திரி செய்டாலி கேட்டான்: "தோக்தோ அண்ணே, உங்க பொட்டிக்கு வயித்து வலியா? ஊதிக்கிட்டே கெடக்கு."

"சுவர் நகருது, தம்பி."

"நகரட்டும். நீங்கதான் ஒக்காந்த எடத்த விட்டு நகரமாட்டேங்கிறீங்க, அந்தச் சுவராச்சும் நகருதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கெண்டியை எடுத்து என் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினான். எங்கள் கிர்கிஸ் வீடுகளில் மதிக்கிற ஆளுக்கு அரைக்கிண்ணம்தான் ஊற்றுவோம். திரும்பத் திரும்ப ஊற்றலாம், அவர் இன்னும் கொஞ்சம் இருப்பார். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

ஆறவிட்டுக் குடித்தேன். கிளம்பினேன்.

ரேடாரைச் சோதிக்க எங்களிடம் ஒரு சிக்னல் ஜெனரேட்டர் உண்டு. அதில் பல்ஸ் மாடுலேஷனைப் போட்டால், தொடர்ந்து வரும் அலை சின்னச் சின்னத் துடிப்புகளாக வெட்டுப்படும். ரேடார் துடிப்பு அனுப்பியதிலிருந்து எவ்வளவு தாமதித்து இதன் துடிப்பு போக வேண்டும் என்று வைக்கலாம். ரேடார் அதை எதிரொலி என்றே நம்பும்.

அன்று கூடத்திலிருந்து திரும்பியதும் முதலில் உண்மையான சுவரைப் பார்த்தேன். காலையைவிட ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. சங்கு ஊதத் தொடங்குமுன் ஆன்டெனா கேபிளைக் கழற்றி அந்த இடத்தில் ஜெனரேட்டரைச் செருகினேன். துடிப்பின் அகலத்தையும் வலுவையும் நிதானமாகச் சரிசெய்தேன். தாமதத்தை நேற்றைய அளவில் வைத்தேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நேற்று சுவர் அங்கேதான் நின்றது.

வாக்கி டாக்கியில் செய்டாலி கூப்பிட்டான். "என்னண்ணே, பொட்டி தூங்கிருச்சா?"

"சுவர் நிக்குது. வேலையப் பாருங்க."

"அப்படி வாங்க வழிக்கு."

சங்கு ஊதவில்லை. யாரும் ஏறி வரவில்லை. அவனோடு கீழே இருந்த மற்றவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர்களும் சிரித்தவர்கள்தான்.

சுவர் விழுந்த தூசி அடங்குவதற்குள் கேபிளைப் பழையபடி மாட்டிவிட்டேன்.

துக்கத்துக்குப் போனேன். செய்டாலியின் மனைவி அய்ச்சுரெக் அழுதுகொண்டேதான் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தை நீட்ட நீட்ட, ஒவ்வொரு தடவையும் அரைக்கிண்ணம்தான். அந்த வீட்டில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.