அசையாமல் உட்கார்ந்த குற்றம்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, தேர்வுக் குழுவினரே, கடலூர் தேவாலயப் பங்கு மக்களே, தந்தையை இழந்து நிற்கும் பிரிசில்லாவே, சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! கணினித் துறை அமராவதியின் வணக்கம்.

பேராசிரியர் தைரியராஜ் படத்துக்கு ஆளுயர மாலை போட்டாயிற்று. போட்ட கைகளில் ஒன்றாவது, அவர் உயிரோடு இருந்தபோது கேட்ட ஒரே ஒரு கையெழுத்தைப் போட்டதா?

மங்கலம்பேட்டை இசைவாணி இதோ முன்வரிசையில் இருக்கிறாள். வீட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்து தேர்வு எழுதியவள். அசைந்தால் எச்சரிக்கை வரும், அசையாதே என்று பழக்கியது யார்? இந்தக் கல்லூரிதான்! ஃபேனை நிறுத்து, பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டு, போட்டோவுக்கு உட்காருவது போல உட்கார் என்று ஒத்திகையே நடந்தது. சொன்னபடி உட்கார்ந்தாள். நேரில் உட்காராமல் பழைய வீடியோப் பதிவை ஓட்டி ஏமாற்றிவிட்டாள் என்றது கண்காணிப்பு மென்பொருள். தேர்வு ரத்து!

தைரியராஜ் அந்த வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். கேமரா எப்போதாவது ஒரு முழுப்படத்தை அனுப்பும். நடுவில் மாறியதை மட்டும் சொல்லும் சிறு துண்டுகளை அனுப்பும். எதுவுமே மாறாவிட்டால், 'முன்பு போலவே' என்று சொல்லும் ஒரே மாதிரித் துண்டு திரும்பத் திரும்ப வரும். அதைத்தான் மென்பொருள் பழைய பதிவு என்று எடுத்துக்கொண்டது.

"பழச ஓட்டியிருந்தா முழுப்படமும் அச்சு அசலா திரும்பி வரணும் மேடம். இங்க ஜன்னல் வெளிச்சம் கொறஞ்சிக்கினே வருது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. புள்ள உக்காந்துதான் எழுதியிருக்கு" என்றார் என்னிடம்.

ரத்தை நீக்கக் கையெழுத்துக் கேட்டுக் குழுவிடம் போனார். நம்பினார்களா? அவர்கள் கண்முன்னே ஃபேனை நிறுத்திவிட்டு, அதே மென்பொருளின் கேமரா முன் கல்லாக உட்கார்ந்தார். அவரையும் பழைய பதிவு என்றது! மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதரை!

"பாத்தீங்களா சார், நானே இங்க இல்லியாம்" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பரிசீலிக்கிறோம் என்றார்கள். பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள்.

இசைவாணியின் பெற்றோருக்குத் தைரியம் சொல்லப் போனவர், வடலூர் தாண்டியதும் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். அப்போதும் மடியில் அந்த வீடியோ இருந்த லேப்டாப்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. இரங்கல் கூட்டத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

இப்போது மௌன அஞ்சலிக்கு எழுவோம். வெளிநாட்டு உறவினர்களுக்காக அதோ அந்தக் கேமரா நம்மை நேரலையில் காட்டிக்கொண்டிருக்கிறது. அசையாமல் நிற்கும் நம்மைப் பற்றியும் 'முன்பு போலவே, முன்பு போலவே' என்றுதான் அது அனுப்பும். ஒரு நிமிடம் அனுப்பட்டும்.

அதன்பின் இசைவாணி, ரத்தை நீக்கக் கோரும் மனுவோடு மேடைக்கு வருவாள். பேனா என்னிடம் இருக்கிறது. தைரியராஜ் சார் விட்ட வேலை இனி என் வேலை. இன்று கையெழுத்து கிடைக்காவிட்டால் நாளைக்கும் வருவேன்.

முதல்வர் அவர்களே, தங்கள் கை அசைவதை அந்தக் கேமரா பார்க்கட்டும்!