ஆரணியில் ஒரு ஏர்போர்ட்

ஞாயிறு காலை ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மடியில் பூவும் பழமும் இருந்தன. தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“மாப்பிள்ள ஏர்போர்ட் கட்றாருன்னா தரகர்கிட்ட சொல்லிக்கீற?” என்றான் தம்பி.

“நீதானடா ஆரணி ஏர்போர்ட் முடிஞ்சிச்சின்னு வூடெல்லாம் சொல்லிக்கினு இருந்த.”

“அது கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் ஓட்ற கேம்க்கா. அதுல நம்ம ஊரு வெறும் தரையா கீது. ரன்வே, கட்டடம்லாம் நானே செஞ்சி சேத்தேன்.”

“ஒரு செங்கல்கூட வாங்காமயா? அங்க யாருடா வந்து எறங்கறாங்க?”

“நான்தான்.”

அக்கா சிரித்தாள்.

“சிரிக்காதக்கா. போட்டோ பாத்ததுலேர்ந்து எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் நெனப்பு. பொய் சொல்லிட்டோம்னு திருப்பி அனுப்பிட்டா?”

“அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியும்டா. நேத்தே போன் பண்ணி, ஆரணியில ஏது ஏர்போர்ட்டுன்னு கேட்டுச்சாம். உங்க மாமா உள்ளத சொல்லிட்டாரு.”

“அப்புறம்?”

“சேத்துப்பட்டுலயும் ஒண்ணு கட்டித் தருவாரான்னு கேட்டுச்சாம்.”

தம்பி போனை எடுத்துச் சேத்துப்பட்டு மேப்பைத் திறந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அவங்க வூடு ஊருக்கு எந்தப் பக்கம்க்கா?”

“ஏன்டா?”

“அதும்மேல ரன்வே வராம பாத்துக்கணும் இல்ல.”