எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்காதவர்கள்

தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினேன். சீசன் கூட்டம். முன் சீட்டில், கப்பலில் சமையல் வேலை பார்த்து லீவில் வந்திருந்த ஒருவரும் அவர் மனைவியும். மடியில் நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு இருந்த அந்த அம்மா அவர் சொல்லிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கதையில் குறுக்கிட்டுக் கேட்டாள்.

"எண்ணெ தேச்சுட்டு குளிக்க மாட்டாவளா?"

"மாட்டாவ. ஜமைக்கா தீவுல கடற்கரை பூரா வெள்ளக்காரங்க எண்ணெயத் தேச்சுக்கிட்டு வெயில்லயே கெடப்பாவ. அதுக்குன்னே கப்பலேறி வருதாவ."

"சீயக்கா?"

"கெடையாது."

"பெறவு எதுக்கு எண்ணெ?"

"தோலு கறுக்கணுமாம்."

"கறுக்கதுக்கா?" அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை.

"சரி, முதுவுக்கு யாரு தேச்சு விடுவா?"

"பொண்டாட்டிக்குப் புருசன் தேச்சு விடுவான்."

"அம்புட்டுப் பேரு முன்னாலயா?"

"ஆமாங்கேன்."

அருவி வந்தது. இறங்கியதும் அவர் வழக்கம்போல் ஆண்கள் குளிக்கும் பக்கம் நடந்தார். அவள் பெண்கள் பக்கம் போகாமல், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அடுத்த வாரம் நீங்க கப்பலுக்குப் போயிருவிய," என்றாள். "இங்கன நமக்கு எதுக்குங்க ரெண்டு பக்கம்?"