படகுப் பாய்க்கு ஓர் உறை

— நீலம்னா எந்த நீலம் சார்? என்கிட்ட நாலு நீலம் இருக்கு. கிட்ட வந்து துணியைத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. அங்கேருந்து விரலை நீட்டினா எனக்கு என்ன தெரியும்?

— பழைய உறை என்ன நீலமோ அதே நீலம்தான்க்கா. கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தா நல்லது.

— புதுத் துணியில வெளுத்ததைக் கேக்கிற முதல் ஆளு நீங்கதான். எல்லாரும் வெளுக்காததைக் கேட்டுத்தான் என் உசிரை வாங்குவாங்க. அஞ்சு வருஷ வெயிலை நான் எந்தக் கடையில போய் வாங்கறது?

— சரி, இருக்கிறதுல கிட்டத்துல எதுவோ அது போதும். சாயங்காலம் கிடைச்சுடுமா?

— சாயங்காலமா? சார், நீங்க கேக்கிறது தலையணை உறை இல்ல. பாயை இறக்கி, கீழ்த்தடி மேல மடிச்சுக் கட்டினப்புறம் அத்தனை நீளத்தையும் மூடணும். முன்னால பாய்மரத்தையும் சேத்துப் பிடிக்கணும். ராப்பகலா உக்காந்தாலும் ரெண்டு நாள் ஆகும். ஜிப் வைக்கவா, கொக்கியா?

— கொக்கி. பழசுல கொக்கிதான். பன்னண்டு கொக்கி. எல்லாமே பழசு மாதிரியே இருக்கட்டும். நாளைக்குக் காலையில படகு மேல கிடக்கணும்.

— அப்படி என்ன முகூர்த்தம் நாளைக்கு?

— போலீஸ் வர்றாங்க, படகைப் பாக்க.

— போலீஸா. இருங்க, இருங்க. நீங்க பல் டாக்டரோட தம்பியா? எங்கேயோ பாத்த ஜாடையா இருக்கேன்னு அப்போலேருந்து யோசிக்கிறேன். என் கடவாய்ப் பல்லை அவர்தான் புடுங்கினார். இப்போ எப்படி இருக்கார்?

— அப்படியேதான் இருக்கார். நாலு நாளாச்சு. கண்ணு தெறக்கல.

— கடவுளே. எப்படித்தான் ஆச்சு? துறையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

— அதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேக்கா. ரெண்டு பேரும் பாய் விரிச்சுப் போயிட்டிருந்தோம். காத்து சட்டுனு திசை மாறிச்சு. பாயோட கீழ்த்தடி இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் ஒரே வீச்சா வந்துச்சு. அண்ணன் குனியல. மண்டையில அடிச்சுது. படகைத் திருப்பிக் கொண்டாந்து ஆளுங்களைக் கூப்பிட்டேன். போதுமா?

— கோவிச்சுக்காதீங்க. என் வாய் அப்படி. என் வீட்டுக்காரர் இதுக்குப் பயந்தே நூல் வாங்கற சாக்குல டவுனுக்குப் போயிடறார். சரி, அளவைச் சொல்லுங்க.

— எழுதிட்டு வந்திருக்கேன். தடி நீளம் பத்தடி நாலு அங்குலம்.

— அப்புறம்?

— அவ்வளவுதான்.

— வெறும் தடியை அளந்துட்டு வந்தா நான் குடைக்கா உறை தைக்கிறது? பாயை மடிச்சா எவ்வளவு தடிமன், மரத்துக்கிட்ட எவ்வளவு உசரம், எல்லாம் வேணுமே. நடங்க, படகுக்கே வந்து அளந்துக்கறேன்.

— வேண்டாம்க்கா. துறைக்குப் போனா நாலு பேர் சூழ்ந்துக்கிட்டு அண்ணனைப் பத்தியே கேப்பாங்க. முடியல எனக்கு.

— அப்போ பழைய உறையைக் குடுங்க. புதுத் துணி மேல அதைப் பரப்பி அப்படியே வெட்டிடறேன். பாதி வேலை குறையும். தூக்கிப் போட்டுட்டீங்களா?

— வண்டியில இருக்கு. கிழிஞ்சு நாசமாயிடுச்சு. எரிச்சுடலாம்னு வச்சிருக்கேன்.

— எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் குடுங்க. நாளைக்கே வேணும்னா அது இருந்தாத்தான் ஆகும். இல்லைன்னா வேற கடை பாத்துக்கங்க. இந்தக் கரையில வேற கடை கிடையாது, அதையும் நானே சொல்லிடறேன்.

— சரி, எடுத்துட்டு வர்றேன். அளவெடுத்ததும் கையோட குடுத்துடணும்.

— வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? இப்படி மேசை மேல போடுங்க. அந்த நுனியைப் பிடிங்க. என்ன சார் இவ்வளவு ஈரம்? பிளீச்சிங் பவுடர் நெடி வேற மூக்கைத் துளைக்குது.

— அழுக்கா இருந்துச்சு. துவைச்சேன்.

— எரிக்கப் போறதைத் துவைச்சீங்களா? நல்ல குடும்பம். அட, இது என் கைவேலைதான். டாக்டர் வந்து நின்னு தைச்சு வாங்கிட்டுப் போனாரே. ஒவ்வொரு கொக்கியையும் இழுத்து இழுத்துப் பாத்தார், பல்லை ஆட்டிப் பாக்கிற மாதிரி. எங்கேயும் கிழியலையே சார். கிழிஞ்சுபோச்சுன்னீங்க?

— நூல் விட்டிருக்கும்னு நெனச்சேன். நீங்க அளவை எடுங்க.

— என் தையலாவது, விடறதாவது. அந்த வருஷம் நைலான் நூல் கிடைக்கல. கெட்டிப் பருத்தி நூலை மெழுகுல தேய்ச்சுத் தைச்சேன். ஆனா இதென்ன, துணி வெளுத்துக் கிடக்கு, நூல் மட்டும் பழுப்பா இருக்கு?

— துரு பிடிச்சிருக்கும்.

— துருன்னா கொக்கிக்கிட்டதான் பிடிக்கும். இது மேல் முதுகுலேருந்து ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கு. சார், இது ரத்தம்.

— ஆமா, ரத்தம்தான். அண்ணனுக்கு அடிபட்டதும் இதைத்தான் மடிச்சு தலைக்கு அடியில வச்சேன். படகுல வேற துணி இல்ல.

— அட பாவமே. அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் ஒருத்தி, புண்ணுல விரலை விட்டுக்கிட்டு. ஆனா மடிச்சு வச்சா இப்படி வராதே.

— எப்படி வராது?

— துணி ரத்தத்தை விட்டுடுச்சு. பருத்தி நூல் குடிச்சா விடாது. எங்கெங்கே பட்டுச்சுன்னு அதுலயே தெரியுது. இந்த மடிப்பைப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு மூடிக் கொக்கி மாட்டற இடம். மேல் மடிப்புல நூலெல்லாம் பழுப்பு. இப்படித் தூக்கிப் பாத்தா உள் மடிப்புல ஒரு பொட்டுகூட இல்ல, வெள்ளை வெளேர்னு இருக்கு. தலைக்கு அடியில சுருட்டி வச்சிருந்தா உள்ளே வெளியேன்னு பாத்தா ஊறும்? இது உறையைப் போட்டு, கொக்கியெல்லாம் மாட்டியிருக்கும்போது மேல தெறிச்சது.

— நிறைய பேசறீங்கக்கா.

— உறை மாட்டியிருந்தா பாய் உள்ளே கட்டிக் கிடக்குமே. பாயை விரிக்காம தடி எப்படி.

— ம். சொல்லுங்க. தடி எப்படி?

— ஒண்ணுமில்ல சார். சும்மா தையலைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். நீரைப் பத்தி, காத்தைப் பத்தி எனக்கென்ன தெரியும்? இந்த மூணாவது நீலம் சரியா இருக்கும். ஷட்டரை ஏன் சார் இறக்கறீங்க?

— வெயில் அடிக்குது.

— எனக்கு வெளிச்சம் வேணும். திறந்து வைங்க. என் வீட்டுக்காரர் வர்ற நேரம்.

— டவுனுக்குப் போயிருக்கார்னு இப்பத்தான் சொன்னீங்க. அந்தப் போனை இப்படித் தாங்க. தாங்கன்னா தரணும். குடு.

— எடுத்துக்கங்க. எடுத்துக்கங்க, நான் ஒண்ணும் பண்ணல.

— உக்காரு. துணி தைக்கிறவளுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?

— தம்பி, நீதான் அடிச்சியா அவரை?

— எதால அடிச்சேன்னு உன் நூல்ல தெரியலையா?

— வேண்டாம். நான் கேக்கல. எதுவும் கேக்கல.

— இவ்வளவு கேட்டே, இதையும் கேட்டுக்க. கயிறு சுத்தற இரும்புக் கைப்பிடி. முந்தின நாள் நான் உறையைச் சரியா மூடாம போயிட்டேன். பாய் வெயில்ல காஞ்சு கெட்டுப்போச்சாம். துறையில அத்தனை பேர் நிக்கிறாங்க, பளார்னு ஒரு அறை விட்டார். எனக்கு முப்பத்தெட்டு வயசு. ஒருத்தன் சிரிச்சான்.

— அதுக்காகவா?

— எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் உறையைக் கழட்டித் திரும்ப மாட்டச் சொன்னார், ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி. மாட்டினேன். பன்னண்டையும் மாட்டினேன். குனிஞ்சு ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தார். அந்தக் குனிஞ்ச தலை என் கைக்கு நேரா இருந்துச்சு.

— எத்தனை தடவை அடிச்சே?

— ரெண்டு. மூணாவது அடி குறி தப்பித் தடி மேல பட்டுச்சு. அப்புறம் உறையைக் கழட்டிட்டு, அவரைப் படகுக்குள்ள இழுத்துப் போட்டு, பாயை விரிச்சு ஒரு சுத்து போயிட்டு வந்தேன்.

— ரத்தம் ஒழுகற ஆளை வச்சுக்கிட்டா? எவ்வளவு நேரம்?

— கால் மணி நேரம். காத்து நல்லாத்தான் இருந்துச்சு.

— அடேய், நீ மனுஷனா?

— நாலு நாளா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். அவர் கண்ணைத் தெறந்தா நான் தொலைஞ்சேன். தெறக்காமலே போயிட்டா அதை நெனச்சும் தூக்கம் வரல. எங்கப்பா போனப்புறம் எனக்கு அவர்தான் எல்லாம். அடிச்சாலும் அவர்தான். போதும், எழுந்திரு. துணியை வெட்டு. உறையில்லாம அண்ணன் படகை எவனும் பாத்ததில்ல. எங்கே உறைன்னு ஒருத்தன் கேட்டாப் போதும், என் கதை முடிஞ்சுது.

— வெட்டறேன். தைச்சுத் தர்றேன். அந்தக் கரண்ட் கத்தி சூடேற ரெண்டு நிமிஷம் ஆகும். துணி ஓரத்தை உருக்கி வெட்டணும், இல்லைன்னா பிரிஞ்சுடும். நீ பழசை எடுத்துட்டுப் போயிடு. நான் எதையும் பாக்கல.

— நீ வெளியில சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்?

— என் பிள்ளைங்க மேல சத்தியம்.

— உன் வாய் அப்படின்னு நீயே சொன்னே. உன் மூஞ்சியைப் பாத்தே உன் புருஷன் கேப்பான். அப்புறம் நீ வாயை மூடிக்கிட்டிருக்கப் போறியா? உன்னால முடியுமா?

— கிட்ட வராதே. கத்தி சூடாயிடுச்சு. துணியே வெண்ணெயா உருகுது, கை எம்மாத்திரம்? வராதேன்னு சொல்றேன்ல.

— ஆ. பாவி, வச்சுட்டியே. என் கை, என் கை.

— ஷட்டரைத் திற. இல்லைன்னா மூஞ்சியில வைப்பேன்.

— வயரோட கத்தியைப் புடுங்கிட்டேன். இப்ப வை பாக்கலாம்.

— சுத்தியலைக் கீழே போடு. தம்பி, அது துணியில இரும்பு வளையம் அடிக்கிற சுத்தியல். வேண்டாம்ப்பா. முடியை விடு. கழுத்து வலிக்குது, விடு.

— சத்தம் போடாதே.

— உன் போன் அடிக்குது. அங்கே பாரு, அண்ணின்னு வருது. ஆஸ்பத்திரியிலேருந்துதான் இருக்கும். எடு.

— போயிட்டார்னு சொல்லப் போறாங்க. அது என் காதுல விழறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடறேன்.

— ஒரு வார்த்தை பேசிடு முதல்ல. உன் காலைப் பிடிக்கிறேன். என்னன்னுதான் கேளேன், யாராவது வாங்களேன், வாங்களேன்.

— கத்தாதே. கத்தாதேன்னு சொன்னேன்ல. கத்தாதே. கத்தாதே.

— அம்மா.

— படு. அப்படியே படுத்துக்க. எவ்வளவு ரத்தம். ஒரு மனுஷிக்குள்ள இவ்வளவா இருக்கும். போன் மறுபடியும் அடிக்குது. ஹலோ. சொல்லுங்க அண்ணி.

— எத்தனை தடவை கூப்பிடறது தம்பி உன்னை? எங்கேதான் போய்த் தொலைஞ்சே? உங்க அண்ணன் கண்ணு முழிச்சுட்டார்.

— முழிச்சுட்டாரா?

— முழிச்சு நல்லாப் பேசறார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போலீஸ்கூட வந்து, பக்கத்துல உக்காந்து எழுதிட்டுப் போயிட்டாங்க.

— என்ன சொன்னார் அவங்ககிட்ட?

— என்ன சொல்வார், நீ சொன்னதேதான். காத்து திரும்பிச்சு, தம்பி குனிங்கன்னு கத்தினான், நான்தான் குனியலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டார். இனிமே படகைப் பாக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அவங்க போனதும் ஒரே அழுகை. அவனை அத்தனை பேர் முன்னாடி அடிச்சிருக்கக் கூடாது, தப்பு என்மேலதான்னு அழறார். எனக்கு ஒண்ணும் புரியல. நாலு நாளா ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டான், உடனே கூட்டிட்டு வான்னு என்னைப் பிச்சுத் திங்கறார்.

— அண்ணி.

— சொல்லு. ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? தம்பி, பக்கத்துல யாரோ பொம்பளை முனகற சத்தம் கேக்குதே, யாரு அது?