குளிர்காலத்துக்கு மூடிய வீடு

குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் முழுவதும் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போகாது. வளைவுகளில் கொஞ்சம் தங்கிவிடும். அந்தக் கொஞ்சம் உறைந்தால் போதும், செம்புக் குழாய் நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால் காற்றடித்து ஊதித் தள்ள வேண்டும். கழிவறைக் கிண்ணத்தில் உறையாத திரவம் ஊற்ற வேண்டும். நீங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர். இங்கே ஒரு குளிர்காலம் கழித்தால் உங்களுக்கே இதெல்லாம் பழகிவிடும்.

வீடு எங்கள் அப்பா கட்டியது. ஏரிக்கரையில், ஊரிலிருந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அங்கே என் அண்ணன் எவெர்ட் இருந்தார். எழுபத்தொரு வயது. பதினோரு வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாரத்தில் மூன்று நாள் நான் போவேன். மற்ற நாள்களில் நகராட்சிப் பணிப்பெண்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். என் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்த மதியம் நான் அண்ணனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. நகம் வளர்ந்திருந்தது.

மாடி அறையை விட்டு வர மாட்டார். படி இறங்கத் தன்னால் முடியாது, ஒரு படிகூட முடியாது என்பார். குளிக்க வைக்க வேண்டுமென்றால் நான் முன்னால் நின்று, அவர் எடையைத் தோளில் வாங்கி, பதினான்கு படியும் பின்னோக்கியே இறங்குவேன். என் முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் விலகியது அப்படித்தான்.

ஆகஸ்டில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்து, உள்ளே விரிசல் இருக்கிறது, இனி அடுப்பு மூட்டக் கூடாது என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளித்தோம். செப்டம்பரில் காப்பீட்டுக் கடிதம் வந்தது. இந்த ஆண்டு குளிர் கடுமையாக இருக்கும், வீட்டில் ஆள் இருந்தால் புகைபோக்கி சரியாக இருப்பதற்குச் சான்று வேண்டும். ஆள் இல்லையென்றால் தண்ணீரை வடித்து, மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தொலைபேசியில் விசாரித்தேன்.

"ஆள் இருக்காங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணுதாம்மா போட முடியும்," என்றாள் காப்பீட்டு அலுவலகப் பெண்.

நியாயமான கேள்விதான். அன்றே அண்ணனிடம் சொன்னேன்.

"ரெண்டு மாசம் என் வீட்டுல வந்து இரு அண்ணே. அதுக்குள்ள புகைபோக்கியக் கட்டிடுவாங்க."

"உன் தீப்பெட்டிக்குள்ளயா? நான் என்ன குச்சியா? என் பொணத்தத்தான்டி நீ இங்கேருந்து தூக்கிட்டுப் போவே."

நான் கோபப்படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். கடிதத்தோடு வந்த காப்பீட்டுப் படிவம் சமையலறை மேசையில் இருந்தது. 'ஆள் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அப்போதே திட்டம் இருந்ததா என்று காலையில் கேட்டீர்கள். இல்லை. முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டால் மற்றவை தானாக வந்துவிடுகின்றன. வியாழக்கிழமையோடு அண்ணனை என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நகராட்சிக்கு எழுதினேன். சாப்பாட்டை நிறுத்தினார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். அக்கரையில் இருக்கும் சிக்ஸ்டனைக் கடையில் பார்த்தபோது அவரிடமும் சொன்னேன்.

"எவெர்ட் சம்மதிச்சானா? ஸ்வேயா, எப்படிக் கெளப்புனே அந்த ஆள? வெடி வெச்சியா?"

"வயசாச்சுல்ல, எறங்கி வந்துட்டாரு," என்றேன். சிரித்தார். நல்ல மனிதர்.

நவம்பர் கடைசி வியாழன். காலையிலேயே போய்விட்டேன். மதியம் அவருக்கு உருளைக்கிழங்கும் வறுத்த பன்றி இறைச்சியும் கொடுத்தேன். காட்டுப் பெர்ரிப் பழ ஜாம் கேட்டார், அதுவும் கொடுத்தேன். படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். கீழே வந்து வேலையை ஆரம்பித்தேன். வடித்தேன், ஊதினேன், திரவம் ஊற்றினேன். அவசரப்படவில்லை. அண்ணன் பிடித்து நடக்கும் நடைவண்டி நகராட்சியுடையது, திருப்பித் தர வேண்டும் என்பதால் காரில் ஏற்றினேன். கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கினேன்.

மேலேயிருந்து குரல் வந்தது.

"ஸ்வேயா, வெளக்கு போயிடுச்சு."

"ஆமாண்ணே. தூங்கு."

"குழாய்ல வேற என்னமோ கொரகொரங்குது."

"அது சரியாயிடும்."

"போறப்ப கதவ ஒழுங்கா சாத்திட்டுப் போ. சில்லுனு காத்து வருது."

"சாத்துறேன்," என்றேன். சாத்தினேன். கடிதத்தில் சொல்லியிருந்தபடி வெளியே கூடுதல் பூட்டும் போட்டேன்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன். பதினோரு வருடத் தூக்கம் பாக்கி இருந்தது. நான்காம் நாள் குளிர் மைனஸ் முப்பத்தேழுக்கு இறங்கியது என்று வானொலியில் சொன்னார்கள். ஊரெல்லாம் குழாய் வெடித்த பேச்சாக இருந்தது. எனக்குக் கவலை இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கூரைப் பனியைத் தள்ள வேண்டும் என்பதும் விதி. போனேன். நான் தனியாக ஏணியில் நிற்பதைப் பார்த்துவிட்டு சிக்ஸ்டன் பனிவண்டியில் உறைந்த ஏரியைக் கடந்து வந்தார். இரண்டு மணி நேரம் இருவரும் தள்ளினோம்.

"கை வெறச்சுப் போச்சு. உள்ள உக்காந்து உன் ஃபிளாஸ்க் காப்பியக் குடிப்போம், சாவியக் குடு," என்றார்.

ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம். களைப்பாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.

ஆம், அண்ணன் மாடியில் இருப்பது தெரிந்துதான் பூட்டினேன். மறதி என்று எழுதாதீர்கள். எனக்கு மறதி கிடையாது. இதில் வேறு யாருக்கும் பங்கும் இல்லை.

சிக்ஸ்டன் வெளிப்பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தள்ளியபோது உள்கதவு பாதிதான் திறந்தது. அதன் பின்னால் அண்ணன் கிடந்தார். என் பழைய கம்பளிச் சட்டையைத் தலையில் சுற்றியிருந்தார். சிக்ஸ்டன் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வை நடுப்படியில் கிடந்தது. ஒற்றைச் செருப்பு கடைசிப் படியில். யாரும் தாங்கிப் பிடிக்காமல் பதினான்கு படியும் தானாக இறங்கி வந்திருக்கிறார்.

பதினோரு வருடம் முடியாது, முடியாது என்று சொல்லி என்னைச் சுமக்க வைத்தவர், இன்ஸ்பெக்டர். முடியும் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் இறங்கிக் காட்டியிருந்தால் நான் அந்தக் கதவைப் பூட்டியிருப்பேனா? அவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.