மாலினின் காரைத் தாழ்த்தினேன்

காரைத் தாழ்த்தினால் வளைவுகளில் ஆட்டம் குறையும். நான் என் மனைவி மாலினிடம் சொன்னது பொய்யில்லை. கோடையில் தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

எங்கள் காட்டுப்பாதையை நேற்றுப் பார்த்தீர்கள். பெரிய சாலைக்குப் போக அது ஒன்றுதான் வழி. பனிக்காலத்தில் இரண்டு சக்கரத்தடங்களுக்கு நடுவே பனி இறுகி மேடாகிவிடும். என் டிராக்டர் தாண்டிவிடும். மாலினின் சின்ன காரும் முன்பெல்லாம் தாண்டிக்கொண்டுதான் இருந்தது.

லூக்செலே நகர முதியோர் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த இலையுதிர்காலத்தில் காரின் ஸ்பிரிங்குகளை அறுத்துத் தாழ்த்தினேன். முதலில் கொஞ்சம். பனி டயர் மாட்டும்போது இன்னும் கொஞ்சம். வேலைக்குப் போகத் தொடங்கியபின் அவள் போனில் யார் யாருடனோ சிரித்தாள். என் மனைவி அப்படிச் சிரிப்பவள் இல்லை.

முதல் பனியிலேயே காரின் வயிறு மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சும்மா சுழன்றன. நான்தான் டிராக்டரோடு போய் இழுத்தேன்.

"என்ன ஆச்சுன்னே தெரியல, ஆர்விட். போன வருஷம் இதே பாதையிலதானே ஓட்டினேன்?"

"பதறிப்போய் மிதிக்கிற. எல்லாருக்கும் பனியில ஓட்ட வராது, விடு."

பிறகும் அடிக்கடி மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் எனக்கு நன்றி சொன்னாள். பாதையைப் பனி வழிப்பதும் என் பொறுப்புதான். டிராக்டரில் மாட்டிய பனிப் பலகையைச் சற்று உயர்த்தியே வழித்தேன்.

பெரிய சாலையில் பனி தள்ளும் ஹோல்கெர் ஒருமுறை காரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, பொண்டாட்டி வண்டிய இப்படி எறக்கி வெச்சிருக்க? இதுவே பனியத் தள்ளிடும் போலிருக்கே, என் பொழப்புல மண்ணப் போடப் பாக்குறியா?"

"அவதான் கேட்டா. பாக்க எடுப்பா இருக்காம்."

இருவரும் சிரித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மாலின் வேலையை விட்டாள். தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அவளே சொன்னாள். எங்கள் மணவாழ்வில் அவ்வளவு அமைதியான நாட்கள் இருந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, பையோடு சமையலறை வாசலில் நின்றாள். "அக்கா வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

"பாத்துப் போ," என்றேன். நான் தடுக்கவில்லை.

வெளியே மைனஸ் முப்பது. காட்டுக்குள் இன்ஜின் அலறுவது கேட்டது. பிறகு நின்றது. காரில் பெட்ரோல் அதிகம் இல்லை. எப்போதும் நான்தான் நிரப்புவேன். போன் அடித்தது.

"மாட்டிக்கிட்டேன். டிராக்டர எடுத்துட்டு வா."

"திரும்பி வந்துடுறியா?"

"இழுத்து மட்டும் விடு, ஆர்விட். நான் போயிடுறேன்."

"அப்ப நடந்து வா. வீடு பக்கத்துலதானே இருக்கு."

போனை வைத்துவிட்டேன். அந்தக் குளிரில் போன் சீக்கிரம் செத்துவிடும். எனக்குத் தெரியும். பட்டாணி சூப்பைச் சூடாக்கினேன். இரண்டு தட்டு வைத்தேன்.

அவள் எதிர்த்திசையில் நடந்திருக்கிறாள். பெரிய சாலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மறுநாள் ஹோல்கெர்தான் உடலைக் கண்டெடுத்தார். கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தாளாம். உறையும்போது உடம்பு எரிவதுபோல் இருக்கும் என்று உங்கள் மருத்துவர் சொன்னார்.

ஸ்பிரிங்கை அறுத்தது நான். மேட்டை விட்டுவைத்தது நான். கூப்பிட்டபோது போகாததும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை அடைத்து வைத்திருந்தேன் என்று அவள் அக்கா சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். எங்கள் வீட்டுக் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை.