கையில் எடுத்த ரத்தம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மூளையைப் பாக்கணும்னு சொல்லிக்கினு கையில எதுக்குக்கா ரத்தம் எடுத்தாங்க?" என்றாள் தங்கை.

"நம்ம தம்பிக்கு வந்த மனச்சிதைவு பரம்பரையான்னு ரத்தத்துல பாக்குறாங்க. மூளையில சேதி வாங்குற இடம் சில குடும்பத்துல பொறப்புலயே கொஞ்சம் வேற மாதிரி இருக்குமாம். இருந்தாலும் எல்லாருக்கும் நோவு வராதுன்னாங்க டாக்டரம்மா."

"யாரும் இல்லாதப்ப குரல் கேக்குதான்னு உன்னையும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

"நானும் இல்லன்னுதான் சொன்னேன்."

பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. பிறகு, தங்கையின் பக்கம் திரும்பாமலே அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"உன்னை அந்தக் குரலு என்னா பேரு சொல்லிக் கூப்புடுது?"

"உம் பேரைச் சொல்லித்தான்க்கா."